தலைமை நீதிபதிகள் பட்டியலில் எந்த உறுதிமொழி என்பதையும் எழுதுங்கள்

பாகிஸ்தானின் மாகாண உயர் நீதிமன்றங்களில் முன்னாள் தலைமை நீதிபதிகள் யார் என்று தேடினால் பெயரும் இரண்டு தேதிகளும் கிடைக்கும். அவர் எந்த உறுதிமொழியின் கீழ் அந்த நாற்காலியில் இருந்தார் என்பது இருக்காது. அது இல்லாத பட்டியல் ஆளைத் தவறாகக் காட்டும் என்பதே என் கருத்து.

1973 அரசியல் சட்டப்படி, நீதிபதி அந்தச் சட்டத்தைக் காப்பதாக உறுதி சொல்ல வேண்டும். 2007 நவம்பர் 3 அன்று அதிபர் முஷாரஃப் கொண்டுவந்த உறுதிமொழியோ, நெருக்கடி நிலைப் பிரகடனத்துக்கும் பி.சி.ஓ. எனப்படும் இடைக்கால அரசியல் சட்ட ஆணைக்கும் கட்டுப்படச் சொன்னது. லாகூரின் இஃப்திகார் ஹுசைன் சௌத்ரியும் பலூசிஸ்தானின் அமானுல்லா கான் யாசின்சாயும் அதை ஏற்றார்கள். சிந்துவின் சபிஹுதீன் அகமதுவும் பெஷாவரின் தாரிக் பர்வேஸ் கானும் மறுத்துப் பதவி இழந்தார்கள். வெறும் தேதியைப் பார்க்கிறவருக்கு, மறுத்த இருவரும் ஓய்வு பெற்றுப் போனது போலத்தான் தெரியும். தாரிக் பர்வேஸ் 2008இல் மறுபடி அதே பதவிக்கு வந்தார். அதனால் அவர் பெயர் இரண்டு முறை வரும். அச்சுப்பிழை என்று ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

பலூசிஸ்தான் கதை இன்னும் கடுமையானது. 2009 ஜூலை 31இல் உச்ச நீதிமன்றத்தின் 14 நீதிபதிகள் அமர்வு, நவம்பர் 3 நடவடிக்கைகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. பலூசிஸ்தான் உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதிகள் எல்லாருமே பி.சி.ஓ. உறுதிமொழி எடுத்தவர்கள். எல்லாரும் போக, நீதிமன்றமே காலி. ஆகஸ்ட் 5 அன்று வழக்கறிஞராக இருந்த காஜி ஃபயஸ் ஈசா நேரே தலைமை நீதிபதியானார். அப்போது வழக்கமாக அதே நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிக்குத்தான் அந்த இடம் கிடைத்தது. உச்ச நீதிமன்றத்தின் 1996 அல்-ஜிஹாத் டிரஸ்ட் தீர்ப்பு அதை உறுதியாக்கியிருந்தது. இந்தியாவில் வெளி மாநிலத்திலிருந்து வருவார்கள், அங்கே அப்போது அந்த வழக்கம் இருக்கவில்லை. 62 வயதில் ஓய்வு என்பதால் பதவிக்காலமும் சிறுத்துவிடுகிறது: பாகிஸ்தானில் உயர் நீதிமன்றம் ஒன்றின் முதல் பெண் தலைமை நீதிபதி தாஹிரா சஃப்தர் 2018 செப்டம்பரில் வந்து 2019 அக்டோபரில் போய்விட்டார்.

பி.சி.ஓ. நீதிபதி எழுதிய தீர்ப்பெல்லாம் செல்லாது என்றும் நினைக்க வேண்டாம். வழக்காடிகள் பாதிக்கப்படக் கூடாதென்று 2009 தீர்ப்பே அவற்றைக் காப்பாற்றிவிட்டது.

பட்டியல் தொகுப்பவர்கள் முதலில் நீதிமன்றத்தையே சரிபாருங்கள். 1955 முதல் 1970 வரை மேற்குப் பாகிஸ்தானுக்கு ஒரே உயர் நீதிமன்றம்; சிந்து, பலூசிஸ்தான் உயர் நீதிமன்றங்கள் 1976இல்தான் தனித்தனியாகப் பிரிந்தன. பிறகு ஒவ்வொரு பெயருக்கும் நேரே நிரந்தரமா, பொறுப்பா, எந்த உறுதிமொழி என்று எழுதுங்கள். நீதிபதிகளிடம் இப்படியே புது உறுதிமொழி கேட்ட, ராணுவ ஆட்சியாளர் ஜியாவின் 1981 மார்ச் ஆணைக்கும், முஷாரஃபின் 2000 ஜனவரி ஆணைக்கும் இதே குறிப்பு வேண்டும்.