என் பிக்கப்பைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த அத்தான்

"தம்பி, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுமேன்?"

யாழ்ப்பாணத்து வல்லை வெளியில், உச்சி வெயிலில், நின்றுபோன பிக்கப்பின் பொனற்றைத் தலையால் தாங்கிக்கொண்டிருந்த என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் நல்லூர்த் திருவிழாவுக்கு பொஸ்டனிலிருந்து வந்திருக்கும் அத்தான். கையில் நான் வெட்டிக் கொடுத்த இளநீர். அதையும் முழுதாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

வண்டி எந்தக் கம்பனி என்று சொல்ல மாட்டேன். பெயர் காதில் விழுந்தால் அது மறுபடி நின்றுவிடும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஒரு சொட்டு பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் புகை கக்கிக் கக்கி அப்பா ஓட்டிய வண்டி. வெங்காய மூட்டையும் சுமந்தது, இடம்பெயர்ந்தபோது எங்களையும் சுமந்தது. மிதிபலகையில் ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குள்ளால் வீதி தெரிகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். காற்றோட்டம் என்று நினைத்துக்கொண்டால் போயிற்று.

அத்தானுக்கு அந்த ஓட்டையைக் கண்டதும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. அவரும் ஒரு காலத்தில் 1998ஆம் ஆண்டு ரொயோட்டா ரகோமா பிக்கப் வைத்திருந்தவராம். 1995 முதல் 2000 வரை வந்த ரகோமாக்களின் சேசிக்கு, அதுதான் அடிச்சட்டத்துக்கு, துருவைத் தாங்கும் பூச்சு போதவில்லை. பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு அதைத் தின்றுவிட்டது. 2008இல் அந்தக் கம்பனியே முன்வந்து, ஓட்டை விழுந்த வண்டிகளைச் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திருப்பி வாங்கியது. கேளுங்கள், ஒன்றரை மடங்கு! இங்கே நான் விற்கப் போனால் முதல் கேள்வியே "ரயர் நல்லதா, அதை மட்டும் தருவீர்களா?" என்பதுதான்.

அதோடு விட்டாரா? கைபேசியில் படங்கள். வரிசையாக நிற்கும் பிக்கப்புகள். ஒன்றன்மேல் ஒன்றாக லொறியில் ஏற்றப்படும் பிக்கப்புகள். "இன்ஜின் கல்லுப்போல இருந்தது தம்பி, ஒரு கீறல் இல்லை. அப்படியே நசுக்கப் போனது" என்கிறார், சிரித்துக்கொண்டு. எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கதவுகள்! அந்தக் கண்ணாடிகள்! இடப்பக்கக் கதவின் ஒரு கைப்பிடிக்காக ஸ்ரான்லி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் கதவைக் கயிற்றால் கட்டி ஓடுகிறவன் நான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் திறந்தார்கள். திறந்த பிறகு வரியைப் பார்த்தவன் கதவைத் தானே சாத்திக்கொண்டான். இந்த நாட்டில் பழைய வண்டியைப் பழைய இரும்பு என்று சொல்லுகிறவனுக்கு ஒன்று நிறையக் காசு இருக்க வேண்டும், அல்லது திரும்பிப் போக விமானச் சீட்டு இருக்க வேண்டும்.

இனித்தான் விஷயமே. "அங்கே சேசியைச் சுத்தியலால் தட்டித்தான் சோதிப்பார்கள்" என்றார். சரி, சோதிக்கட்டும், அங்கே. ஆனால் இவர் என் சீற்றுக்குப் பின்னாலிருந்து என் சுத்தியலையே எடுத்தார். நான் "அத்தான், வேண்டாம்" என்றேன். குனிந்தார். நான் "அத்தான்" என்று மட்டும் சொன்னேன். டங். முதல் தட்டில் ஒன்றும் இல்லை. எனக்குப் பெருமை. டங். இரண்டாவதிலும் இல்லை. எழும்பியிருக்கலாம் அல்லவா? சோளகக் காற்றில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூன்றாவது தட்டு. சத்தம் மாறியது. உள்ளங்கை அளவு துண்டொன்று, வேகவைத்த கிழங்கின் தோல் உரிவதைப்போல, எந்த அவசரமும் இல்லாமல் கழன்று வீதியில் விழுந்தது. மண்ணிறம், ஓரமெல்லாம் அடுக்கடுக்காகப் பொருக்கு.

"பார்த்தீரா?" என்றார். பார்த்தேன். இத்தனை வருடம் அது விழாமல்தானே இருந்தது! கடனீரேரிக் காற்றுக்கே அசையாத துண்டு, பொஸ்டன் கைக்கு விழுந்துவிட்டது. அங்கே உப்பைக் காசு கொடுத்து வாங்கி வீதியில் கொட்டுகிறார்கள். எங்களுக்குக் காற்றே கொண்டுவந்து பூசுகிறது. ஆனையிறவு உப்பளம் பக்கத்திலேயே இருக்க, போன வருடமோ அதற்கு முந்தியோ கடையில் உப்புப் பைக்கற்றுக்கு அலைந்ததும் நாங்கள்தான். அதை இப்போது கிளறவில்லை.

750 பஸ் வந்தது. அத்தான் ஏறிப் போய்விட்டார், "வெயில் தாங்காது தம்பி" என்று. நான் முனியப்பருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துவிட்டுத் திறப்பைத் திருகினேன். பிடித்துக்கொண்டது! நெல்லியடிக்கு முன்னமே பஸ்ஸை முந்தினேன். ஹோர்ன் மட்டும் வேலை செய்திருந்தால் அடித்துக் காட்டியிருப்பேன்.

மாலையில் கராஜில் வெல்டிங் ஒட்டப் போனால், "கழன்ற துண்டு எங்கே அண்ணை? அளவு எடுக்க வேணும்" என்கிறான் பெடியன். தேடினேன், இல்லை. அத்தானுக்கு அழைத்தேன். ரிசுப் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாராம். பொஸ்டன் நண்பர்களுக்குக் காட்டவாம்.

என் சேசி அமெரிக்கா போகிறது. எனக்கு இரண்டு தடவை விசா மறுத்தார்கள்.