கண்ணாடியில் இருப்பது நான்தானா? இது மனச்சிதைவு அல்ல

‘சொந்தக் கையே யாருடையதோ போலத் தெரிந்தால் மனச்சிதைவு தொடங்கிவிட்டது’ என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. இது ‘டிபர்சனலைசேஷன்’, அதாவது தன்னிடமிருந்தே விலகி நிற்பது போன்ற உணர்வு.

பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தெரியும் முகம் அந்நியமாகப் படும். பேசும் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலிருக்கும். அந்தப் ‘போல’தான் முக்கியம்: இது வெறும் உணர்வு என்று அதை உணர்பவருக்கே தெரியும். மனச்சிதைவின் பிரமைகளில் பெரும்பாலும் இந்தத் தெளிவு இருக்காது.

1898-இல் லுடோவிக் டுகா என்ற பிரெஞ்சுக்காரர் பெயர் வைத்த பழைய சங்கதி இது. தூக்கமின்மை, கடும் பதற்றம், அதிர்ச்சி, கஞ்சா எல்லாம் இதைக் கிளப்பும். பலருக்குச் சில நிமிடம் வந்துபோகும். கோளாறாக நிலைப்பது சுமார் 2 சதவீதத்தினருக்கே. ‘நான் நிஜம்தானா’ என்று ஓயாமல் சோதித்துப் பார்த்தால் அது இன்னும் வளரும். வாரக்கணக்கில் விடாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு சிகிச்சை பலருக்கு உதவுகிறது.