இடது சீட்டில் உட்கார்ந்து பார்த்தாயா?

போன வாரம் மைத்துனன் ஒரு காரின் படத்தை அனுப்பியிருந்தான். 2006ஆம் ஆண்டு ஹோண்டா ஃபிட், வெள்ளை நிறம். "மச்சான், ஓட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போகிறது. முடித்துவிடலாமா?" என்று கேட்டிருந்தான். நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இடது சீட்டில் உட்கார்ந்து பார்த்தாயா?"

சிரிக்கிற பொம்மைப் படம் ஒன்று பதிலாக வந்தது. நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஃபோனில் விளக்கினால் கோபம் வந்து கத்திவிடுவேன் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பர்மாவைப் பார்த்திராத தமிழ்நாட்டு நண்பர்களுக்கு முதலில் ஒரு விஷயம். 1970 டிசம்பர் வரை எங்கள் சாலைகளிலும் வண்டிகள் உங்கள் ஊரைப் போல இடப்பக்கமாகத்தான் ஓடின. ஒரே நாளில் எல்லாம் வலப்பக்கத்துக்கு மாறியது. சோதிடர் சொல்லித்தான் அப்போது நாட்டை ஆண்ட ஜெனரல் நெ வின் மாற்றினார் என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, அந்தச் சோதிடர் கார் ஓட்டத் தெரியாதவர் என்பது மட்டும் உறுதி. ஏனென்றால் சாலை மாறியதே தவிர ஸ்டியரிங் மாறவில்லை. ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய கார்கள் எல்லாவற்றிலும் ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே ஐம்பது வருடங்களாக நாங்கள் சாக்கடை ஓரமாக உட்கார்ந்துகொண்டு, நடுச்சாலையில் என்ன நடக்கிறது என்று ஊகித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்பா பெகுப் பக்கம் லைன் கார் ஓட்டினார். பழைய டொயோட்டா ஹைலக்ஸ். பின்னால் இரண்டு வரிசை மரப் பலகை, கூரைமேல் மூட்டைகள், மூட்டைகள்மேல் மனிதர்கள். கூட வரும் கண்டக்டர் பையனைப் பர்மியர்கள் 'சப்பேயா' என்பார்கள். ஸ்பேர் டயரில் வரும் அதே 'ஸ்பேர்' என்ற ஆங்கிலச் சொல்தான் அது. முன்னால் நெல் லாரி ஒன்று ஊர்ந்து போனால், எதிரே என்ன வருகிறது என்பது வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. பின்படியில் தொங்கும் பையன் இடப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கூரையில் இரண்டு தட்டுத் தட்டி 'ஸ்வே!' என்பான். அப்புறம்தான் அப்பா முந்துவார். சம்பளத் தகராறில் ஒரு நாள் அந்தப் பையன் வராமல் போனபோது அப்பா அன்றைக்கு வண்டியையே எடுக்கவில்லை. "ஒரு கண்ணை வீட்டில் வைத்துவிட்டு ஓட்டச் சொல்கிறாயா?" என்று அம்மாவிடம் சத்தம் போட்டது எனக்கு நினைவிருக்கிறது.

இத்தனையையும் பார்த்து வளர்ந்த நான் முதல் காரை வாங்கியபோது என்ன செய்தேன்? வலது சீட்டில் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன்.

அது கார்ப் பைத்தியம் ஊரையே பிடித்திருந்த காலம். 2011க்கு முன் இங்கே கார் என்பது சொத்து. எண்பதுகளில் வந்த ஓட்டை வண்டிக்கு வீட்டு விலை சொல்வார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், பழைய வண்டியைக் காயலானுக்கு ஒப்படைத்தால் புதிய மாடல் இறக்குமதிக்குப் பர்மிட் என்ற திட்டம் வந்தது. பாட்டன் காலத்துப் பப்ளிகாக்களும் சன்னி சூப்பர் சலூன்களும் வரிசையாக உடைக்கப் போயின. ரங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருந்ததால், கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் எல்லோரும் நேராகக் காருக்குத் தாவினார்கள். நானும் தாவினேன்.

ஹந்தாவடி கார்ச் சந்தைக்குப் போய் ஒரு ஃபிட்டைப் பிடித்தேன். நல்ல வடிவமைப்பு, அதில் சந்தேகம் இல்லை. பெட்ரோல் டாங்கை முன் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருப்பதால் பின்சீட்டை மடித்தால் அண்டாவே நிற்கும். நான்கு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக். மாற்றும்போதுதான் அந்தப் பெருமையின் விலை தெரியும். ஸ்டியரிங் லேசு. தரகர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு தெருவைச் சுற்றி வரச் சொன்னார். சுற்றினேன், மயங்கினேன், பணத்தை எண்ணிக் கொடுத்தேன். நான் பார்த்திருக்க வேண்டிய சீட்டில் விற்கிறவரே உட்கார்ந்திருந்தார் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் மழைக்கு மனைவி சொன்னாள்: "காலடியில் ஈரமாக இருக்கிறது. இந்தக் கதவு என்னோடு பேசிக்கொண்டே வருகிறது." கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர். மெக்கானிக் இடப்பக்கம் கூரையைத் தாங்கும் தூணை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். தகரச் சத்தத்துக்குப் பதிலாக, நசுங்கலை மறைக்கப் பூசும் புட்டியின் மந்தமான சத்தம். ஜப்பானிலேயே இடப்பக்கம் வாங்கிய அடி. ஜப்பானில் ஏலம் விடும்போது வண்டியின் நிலையை எழுதும் தாள் ஒன்றை என்னிடம் காட்டியிருந்தார்கள், அதில் தரம் 4 என்று இருந்தது. அடிபட்டுப் பழுதுபார்த்த வண்டிக்கு அங்கே 'ஆர்' என்று போடுவார்கள் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். தரகர் ஃபோனை எடுக்கவில்லை. சந்தைக்குத் தேடிப் போனால், அந்தப் பெயரில் ஒருவரையும் தெரியாது என்று பத்துப் பேர் சத்தியம் செய்தார்கள்.

இரண்டாவது கார், டொயோட்டா விட்ஸ். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும், குடிக்காது, படுத்துக்கொள்ளாது. ஆனால் ஒரு விசேஷம் உண்டு. அந்த மாடலில் ஸ்பீடாமீட்டர் டாஷ்போர்டின் நடுவில் இருக்கும். நான் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன் என்பது இடது சீட்டுக்கும் பட்டவர்த்தனமாகத் தெரியும். டொயோட்டாக்காரர்கள் என்ன கணக்கில் அப்படி வைத்தார்களோ, எங்கள் வீட்டில் அது காவல்துறையாகச் செயல்பட்டது.

மண்டலே நெடுஞ்சாலையில் அதன் அருமை தெரிந்தது. 366 மைல், கான்கிரீட் போட்டுக் கட்டிய சாலை. வேக வரம்பு 100 கிலோமீட்டர், ஓரத்துக் கற்கள் காட்டுவதோ மைல். கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். கோடையில் அந்தக் கான்கிரீட் டயரைச் சுட்டு எடுக்கும். வெடித்துப் புரண்ட வண்டிகளின் கதைகளால் அதற்கு மரணச் சாலை என்றே பெயர். 115ஆவது மைல் ஓய்விடத்தில் நிறுத்தி, சாப்பிடுவதற்கு முன் டயரைத் தொட்டுப் பார்ப்பது இன்றுவரை என் பழக்கம். ஜப்பானில் கழற்றிப் போட்ட பழைய டயரைப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். ஓரத்தில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. மகனின் வயதில் இருக்கிற டயரை மாட்டிக்கொண்டு மண்டலே கிளம்பாதீர்கள்.

இப்போது இருப்பது புரோபாக்ஸ். அழகா என்று கேட்காதீர்கள். தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். ஜப்பானில் கம்பெனிகள் சாமான் ஏற்றுவதற்கென்று டொயோட்டா 2002இல் கொண்டுவந்த வண்டி இது. ரங்கூனில் இதுவே டாக்சி, இதுவே கல்யாணக் கார், இதுவே காய்கறி வண்டி. 1496 சிசி எஞ்சின், பெல்ட்டுக்குப் பதில் செயின். பின்சீட்டை மடித்தால் ஏறக்குறைய ஆறடி நீளத்துக்குச் சமதளம். என் மாமா ஒருவரை முதுகுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் படுக்க வைத்தே கொண்டுபோயிருக்கிறேன். பின்சீட்டில் உட்கார்ந்தும் அவரை அழைத்துப் போயிருக்கிறேன். அந்த முதுகுவலிக்கே அதுதான் காரணம் என்கிறார். சரக்குக்காகச் செய்த சீட்டு அது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது போல நேராக நிற்கும்.

வண்டியைக் கிளப்பினால் ஜப்பானியப் பெண் குரல் ஒன்று, சுங்கச்சாவடி அட்டையைச் செருகவில்லை என்று பணிவோடு சொல்லும். இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரேடியோவும் அந்த நாட்டுக் கணக்குத்தான், 76இல் தொடங்கி 90இல் நின்றுவிடும். சிட்டி எஃப்.எம். 89இல் இருப்பதால் பிழைத்தோம்.

இந்த வண்டியை வாங்கும்போது நான் வலது சீட்டில் ஏறவே இல்லை. மனைவியின் தம்பியை, அதாவது இதே மைத்துனனை, ஓட்டச் சொல்லிவிட்டு இடப்பக்கம் உட்கார்ந்தேன். 'எட்டு மைல்' என்ற சந்திப்பு வரை போய், திரும்பித் தன்லின் பாலத்தில் ஏற்றி இறக்கினோம். ரயிலும் காரும் சேர்ந்து போகும் பாலம். அதன் இணைப்புகளில் ஏறும்போது அடித்தட்டில் இருக்கும் ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷும் தன் வயதைச் சொல்லிவிடும். ஓட்டுபவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், காது பாதி மூடியிருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு வேறு வேலை இல்லை.

பக்கத்தில் இருப்பவர் சும்மா வருபவரும் அல்ல. லாரிக்குப் பின்னால் மாட்டினால் 'போகலாம்', 'பொறு' என்று சொல்வது அவர். டோல் கேட்டில் பணம் நீட்டுவது அவர். நகருக்குள் நிறுத்தினால் நான் நடைபாதையில் சௌகரியமாக இறங்குவேன். ஓடும் வண்டிகளுக்கு நடுவே கதவைத் திறப்பது அவர். ஹாரன் அடிக்கக்கூடாத ஊரில் அவருடைய குரல்தான் ஹாரன். முதல் கார் வாங்கிய நாளிலிருந்து என் மனைவி எனக்குச் சப்பேயா. அவளுக்கு முன்தூண் மறைக்கிறதா, சீட்டின் உயரம் போதுமா, அந்தப் பக்கக் கண்ணாடி என்ன காட்டுகிறது என்று பார்க்காமல் காரை எடைபோடுவது பாதி வண்டியை எடைபோடுவதுதான்.

ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள வண்டிக்கே அனுமதி என்று இறக்குமதி விதியை இறுக்கியபோது நண்பர்கள் எல்லோரும் திட்டினார்கள். நான் திட்டவில்லை. அது சரியான விதி, தாமதமாக வந்த விதி. உள்ளூரிலேயே பாகங்களைப் பூட்டிச் செய்த சுசுகி சியாஸ் ஒன்றை நண்பர் வாங்கியபோது பெகு வரை ஓட்டிப் பார்த்தேன். முதல் சந்திப்பில் சிக்னல் போடுவதற்குப் பதிலாக வைப்பரை ஓட்டினேன், அது எல்லோரும் செய்வதுதான். நகரைத் தாண்டியதும் ஒரு லாரி. கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கினேன். எதிர்ச்சாலை முழுக்க என் கண்ணில் விரிந்தது. ஐம்பது வயதில் கண்புரை எடுத்ததைப் போல இருந்தது. யாரையும் கேட்காமல் முந்தினேன். பெருமையோடு திரும்பிப் பார்த்தால், வலது சீட்டில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். என் வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

அதைப் பார்த்தபின்னும் ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். காரணம் விலைதான். புரோபாக்ஸை அன்று வாங்கிய விலையைப் போல இன்று பல மடங்கு கேட்கிறார்கள். புது வண்டியின் விலையோ அதற்கும் எட்டாத உயரம். மின்சாரக் காருக்கு வரிச் சலுகை கொடுத்தார்கள், சீனாவின் பி.ஒய்.டி. வண்டிகள் வந்தன. ஆனால் வீட்டில் கரண்ட் எப்போது வரும் என்று காத்திருந்து சோறு வடிக்கிறவன் காரை எதில் சொருகுவது? எல்லை தாண்டி வந்த, லைசன்ஸ் இல்லாத வண்டி மலிவாகக் கிடைக்கும். அதற்கு இங்கே பெயரே 'வித்அவுட்'. டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறுபவரை நீங்கள் சொல்லும் அதே சொல். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, மைத்துனன் என்ன நினைத்தானோ, அந்த ஃபிட்டில் என் மாமியாரை, அதாவது தன் அம்மாவை, இடப்பக்கம் உட்கார வைத்துத் தன்லின் பாலம் வரை போய்வந்திருக்கிறான். தரகரைப் பின்சீட்டில் ஏறச் சொன்னதற்கு அவர் முகம் சுளித்தாராம். மாமியார் இறங்கி, புடவையை உதறிக்கொண்டு சொன்னது: "குளிர்காற்று முழங்காலில் மட்டும் அடிக்கிறது. பெல்ட்டை இழுத்தால் பாதியில் சிக்குகிறது. இந்தக் கதவை இரண்டு தடவை சாத்தினால்தான் மூடுகிறது, உன் பக்கத்துக் கதவு ஒரே தடவையில் மூடுகிறதே, ஏனப்பா?"

தரகர் பதில் சொல்லவில்லை. மைத்துனன் வேறு வண்டி தேடிக்கொண்டிருக்கிறான்.