மாலை போடும் படமும் 1600 பிக்சலும்

வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால், அழுகைக்கு நடுவிலேயே ஒரு தேடல் தொடங்கிவிடும். இங்கே சிங்கப்பூரில், தமிழ் முரசு நாளிதழில் இரங்கல் அறிவிப்புப் போட ஒரு படம் வேண்டும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, இறுதிச் சடங்கில் பெட்டிக்கு முன்னால் வைக்க ஒரு படம் வேண்டும். பிறகு வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டவும் அதே படம்தான். பத்தாயிரம் படம் திறன்பேசியில் இருக்கும் குடும்பத்தில்கூட அந்த நேரத்தில் கையில் கிடைப்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குழுப்படம், அதுவும் வாட்ஸ்அப்பில் வந்தது. முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் கண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ தெரியும்.

ஏன் அப்படி ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000க்கு 4000 பிக்சல். ஒரு வரிசையில் இருபது பேர் நின்றால் ஆளுக்கு 300 பிக்சல் அகலம் கிடைக்கும். அதில் முகம் சுமார் 120. இதையே வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கும். ஆளுக்கு 80, முகத்துக்கு முப்பத்துச் சொச்சம். இத்தோடு முடியவில்லை. படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் அழுத்தும். நிறத்தை இன்னும் பெரிய, பதினாறுக்குப் பதினாறு இடத்துக்கு ஒன்றாகத்தான் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும். அழுத்தம் கூடக் கூடக் கட்டத்துக்குள் இருக்கும் நுணுக்கம் முதலில் போகும். ஆக, தாத்தாவின் முகம் முழுவதற்கும் வெளிச்சத்துக்கு நான்குக்கு நான்கு கட்டம், நிறத்துக்கு இரண்டுக்கு இரண்டு. அதை 8ஆர், அதாவது 8க்கு 10 அங்குல அளவில் அச்சடித்துக் கொடு என்றால் கடைக்காரர் என்ன செய்வார்?

அசல் கோப்பிலிருந்து வெட்டினாலும் 8ஆர் அளவில் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் ஆள் ஆளாக இருப்பார். அந்த வித்தியாசம் சின்னதல்ல.

இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. மங்கலான முகத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் 'தெளிவாக்கி' எடுத்து வருகிறார்கள். முப்பது பிக்சலில் இல்லாத கண்ணிமையையும் பல்வரிசையையும் அது எங்கிருந்து எடுக்கும்? அது பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான மற்ற முகங்களிலிருந்து. படம் பளபளவென்று வரும். அக்கம்பக்கத்தார் நல்லா இருக்கு என்பார்கள். கூடவே வாழ்ந்த பாட்டி மட்டும் ஒரு மாதிரி பார்ப்பார். அவர் பார்வைதான் சரி. அது அவர் கணவர் இல்லை. கீறலை நீக்கலாம், நிறம் மங்கியதைச் சரிசெய்யலாம், அதெல்லாம் பழுதுபார்ப்பு. இல்லாத முகத்தை வரைவதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மங்கலான படத்தைச் சின்னதாக, 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவில் அச்சடித்து, சுற்றிலும் அகலமான வெள்ளை அட்டை வைத்துச் சட்டம் போடுங்கள். தூரத்திலிருந்து நன்றாகவே இருக்கும், பொய்யும் இல்லை.

வாட்ஸ்அப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது தபால்காரர். கொடுத்ததைச் சுருட்டிச் சீக்கிரம் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. நாம்தான் தபால்காரர் பையைப் பீரோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். குரூப்பில் போட்டாயிற்று, எல்லாரிடமும் இருக்கிறது என்கிறோம். எல்லாரிடமும் இருப்பது அந்த 1600 பிக்சல்தான். அதிலும் பாதிப் பேர் இடம் இல்லை என்று அழித்திருப்பார்கள். சிலர் அந்தப் படத்தைத் தொட்டே இருக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்துத் தொட்டால் பதிவிறக்க முடியவில்லை, மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள் என்று வரும். 90 நாளில் மறையும்படி யாராவது குரூப்பை அமைத்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாது. படமாக அனுப்பும்போது அதற்குள் இருக்கும் விவரங்கள், எடுத்த தேதி, நேரம், கேமரா, இடம் எல்லாம் கழன்றுவிடும். பெறுபவரின் திறன்பேசி, வந்த நாளையே எடுத்த நாளாக வைத்து அடுக்கும். அதனால்தான் 1978ல் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் போன வாரத்துப் பிரியாணிப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சரியாக அனுப்ப வழி இருக்கிறது, அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 2023ல் வந்த எச்டி பொத்தானைத் தட்டினால் நீளப் பக்கம் 4000 பிக்சலை ஒட்டிப் போகும். பார்ப்பதற்கும் 4ஆர் அச்சுக்கும் அது தாராளம், ஆனால் அதுவும் அழுத்தப்பட்டதுதான். அசலே போக வேண்டுமென்றால் இணைப்புக் குறியைத் தட்டி, 'டாக்குமென்ட்' வழியாகப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு 2 ஜிபி வரை போகும், விவரங்களும் கூடவே போகும். இங்கே ஒரு எச்சரிக்கை. விவரம் என்றால் இடமும்தான். வீட்டில் எடுத்த குழந்தை படத்தை டாக்குமென்டாகப் பெரிய குரூப்பில் போட்டால், எந்த புளோக் என்பதும் அதற்குள் இருக்கும். நெருங்கியவர்களுக்கு மட்டும் அப்படி அனுப்புங்கள், அல்லது கேமராவுக்கான இட அனுமதியை முன்பே அணைத்துவிடுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2017லிருந்து அது ஹெய்க் வடிவத்தில் சேமிக்கிறது. இடம் மிச்சம், தரமும் நன்று. ஆனால் உறவினரின் பழைய விண்டோஸ் கணினியில் திறக்காமல் தகராறு செய்யும். கேமரா அமைப்பில் வடிவம் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றினால் ஜேபெக்காக வரும். இனி எடுப்பவற்றுக்கு மட்டும்தான் இது பொருந்தும். ஏற்கெனவே எடுத்தவை மாறாது.

சரி, பீரோ எது? கிளவுட்தானே என்பார்கள். அதிலும் இருக்கட்டும், ஆனால் வாடகை வீடு என்ற நினைப்போடு இருக்கட்டும். ஃபிளிக்கர் 2013ல் எல்லாருக்கும் ஒரு டெராபைட் இலவசம் என்றது. 2018ல் கை மாறியது. அதே ஆண்டு முடிவதற்குள் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று அறிவித்தது. கூகல் ஃபோட்டோஸ் எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம் என்று பழக்கிவிட்டு, 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் எல்லாவற்றையும் 15 ஜிபி கணக்கில் சேர்த்தது. அந்த 15 ஜிபியில் மின்னஞ்சலும் பங்கு, ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் பங்கு. காலை வணக்கம் காணொளிகள் பேக்கப்பில் ஏறி, பேத்தியின் முதல் பிறந்தநாள் படத்துக்கு இடமில்லாமல் போவது இப்படித்தான். இரண்டு ஆண்டு கணக்கைத் தொடாமல் விட்டால் அழிக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

இதைவிடப் பெரிய குழப்பம், ஒத்திசைவை பேக்கப் என்று நினைப்பது. ஐகிளவுடில் திறன்பேசியும் ஐபேடும் கணினியும் ஒரே பெட்டியைத்தான் பார்க்கின்றன. திறன்பேசியில் இடம் இல்லை என்று அழித்தால் மூன்றிலும் போய்விடும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு கிடையாது. கூகலில் பேக்கப் ஆன படத்துக்கு 60 நாள். இடம் வேண்டுமென்றால் அழிக்காதீர்கள். ஐபோனில் இடத்தைச் சிக்கனப்படுத்தும் அமைப்பும், கூகலில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதும் அதற்காகவே இருக்கின்றன. கூகலிலிருந்து மொத்தமாக இறக்குபவர்கள் கவனிக்க: அங்கே நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குள் இருக்காது, பக்கத்தில் தனிக் கோப்பாக வரும். குப்பை என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புகைப்படக்காரர்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்பார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இந்த ஊரில் அதைச் செய்வது சுலபம். கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, இன்னொரு ஹார்டு டிஸ்க் அக்கா வீட்டில். நீங்கள் ஈசூனில், அக்கா பாசிர் ரிஸில் என்றால் மேல் வீட்டுக் குழாய் உடைந்து தண்ணீர் சொட்டினாலும் இரண்டும் ஒன்றாக நனையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எப்படியும் பார்த்துக்கொள்வீர்கள். அப்போது டிஸ்கை மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு இடம் தேவை என்று பயப்பட வேண்டாம். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்து ஆயிரம் ரா படம் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய கோப்பு) எடுத்தாலும், ஒன்று 30 எம்பி என்றால் மொத்தம் 30 ஜிபிதான். 2 டெராபைட் டிஸ்கில் அப்படி அறுபது தைப்பூசத்துக்கு மேல் அடங்கும். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத வேண்டுமென்றால் டிஸ்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியை மட்டும் வருடக்கணக்கில் மின்சாரம் கொடுக்காமல் டிராயரில் போட்டு வைக்காதீர்கள். மெல்ல மெல்லத் தகவல் கசியும். டிராயருக்குப் பழைய சுழலும் டிஸ்கே மேல், அதையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது செருகி நாலைந்து படம் திறந்து பாருங்கள்.

இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வரை மெமரி கார்டைத் துடைக்கக் கூடாது. தவறிப்போய்த் துடைத்துவிட்டால் உடனே கார்டை வெளியே எடுங்கள், அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். மேலே புதிதாக எழுதாத வரை பழைய படம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் தேடி எடுத்துக் கொடுக்கும்.

காகிதப் படங்களுக்கு இங்கே எதிரி ஈரப்பதம். அதிகாலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் காற்று இது. லென்ஸுக்குப் பூஞ்சை வராமல் 40க்கும் 50க்கும் இடையில் உலர்பெட்டி வைத்திருக்கும் நண்பர்கள், பாட்டியின் கல்யாணப் படத்தைச் சமையலறைச் சுவரிலேயே விட்டுவிடுகிறார்கள். சட்டத்துக்குள் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து உரிக்க வேண்டாம். முகம் கண்ணாடியில் தங்கிவிடும், வெறும் காகிதம்தான் கையில் வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பசை ஏட்டு ஆல்பத்தில் ஒட்டிய படத்தின் அடியில் பல் இடுக்கு நூலை மெல்ல ரம்பம் போல் இழுத்தால் கழன்று வரும். 4ஆர் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி போதும், 3600க்கு 2400 பிக்சல் கிடைக்கும். 1200 வைத்தால் கோப்புதான் வீங்கும், சாதாரணக் கடையில் கழுவிய படத்தில் அதற்கு மேல் விவரம் இருப்பது அபூர்வம். ஸ்கேனர் இல்லையா? சன்னலுக்குப் பக்கவாட்டில் மேசை போட்டு, விளக்கையும் ஃபிளாஷையும் அணைத்து, திறன்பேசியை நேர் மேலே பிடியுங்கள். மேலே கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்தால் கூரையின் பிரதிபலிப்பு விழாது.

கல்யாணப் படத்துக்கு ஆள் பிடிக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 2021 நவம்பர் 21ல் நடப்புக்கு வந்த சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமானாலும், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் உரிமை எடுத்தவருடையது. முன்பு அப்படி இல்லை. படம் எடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் வீட்டார் ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும்: முழு அளவுக் கோப்பு உண்டா, அச்சடிக்கவும் பகிரவும் அனுமதி உண்டா, இணைய ஆல்பத்தின் லிங்க் எத்தனை மாதம் இருக்கும். லிங்க் காலாவதியான பிறகு கேட்டால் அவரும் டிஸ்கைத் துடைத்திருக்கலாம். அவர் கடமை அல்ல அது. குழுப்படத்தை மட்டுமாவது அன்றைக்கே இறக்கி வையுங்கள்.

கடைசியாகப் பெயர். கோப்பு எத்தனை பிக்சல் இருந்தாலும் அதில் நிற்பது யார் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்ன பயன்? கணினியில் டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து தலைப்புக் குறிப்பில் தமிழிலேயே எழுதலாம். படத்துக்குள்ளேயே எழுதும்படி அமைப்பில் குறித்துவிட்டால், டிஸ்க் மாறினாலும் குறிப்பு கூடவே வரும். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது ஐபேடில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்துகொண்டு வந்து பிறகு எழுதலாம். முன்வரிசை இடமிருந்து வலம், பிறகு பின்வரிசை. பெயரோடு முறையும், முடிந்தால் ஊரும். அவருக்கும் அடையாளம் தெரியாத ஆள் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். 'பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது, பெரியம்மாவுக்குத் தெரியவில்லை' என்று அதையும் எழுதுங்கள். அடுத்து பினாங்குச் சித்தப்பாவிடம் காட்டும்போது எந்த முகத்தைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.