முத்திரை குத்தியது என் தங்கை அல்ல

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கில் பேசப்பட்டதைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "முத்திரை குத்திக்கொண்டு வந்துவிட்டு, வேலை கிடைக்கவில்லை என்று அழுதால் யார் என்ன செய்வது?" இஸ்ரேலுக்குப் போய்வந்ததைக் காட்டிக்கொடுக்கும் பாஸ்போர்ட் முத்திரையால் என் தங்கைக்குக் குவைத் வேலை கைநழுவியதைத்தான் சொல்கிறார். அதற்கு ஒரு சிரிப்பு வேறு. சிரித்தவர்களில் பாதிப்பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

என் தங்கை எதையும் குத்திக்கொள்ளவில்லை ஐயா. குத்தியவர் எகிப்து அதிகாரி. அம்மாவின் இருபது வருட ஆசைக்காக எருசலேமுக்குத் துணைக்குப் போனாள். ஜோர்டான் வழியாக இஸ்ரேலுக்குள் நுழைந்து, தாபா எல்லை வழியாக எகிப்துக்கு வந்த யாத்திரை அது. "தனித்தாளில் வாங்கியிருக்கலாமே" என்று ஒரு மேதாவி வருவார். தாளில்தான் வாங்கினாள்! 2013-லிருந்தே இஸ்ரேலில் பாஸ்போர்ட்டில் குத்தாமல் நீலத் துண்டுச்சீட்டுதான் பெரும்பாலும் தருகிறார்கள். ஆனால் தாபாவில் எகிப்துக்காரர் பாஸ்போர்ட்டிலேயே குத்திவிட்டார். தாபாவுக்கு அந்தப் பக்கம் இஸ்ரேலைத் தவிர வேறு நாடு கிடையாது. பிறகு எதை மறைப்பது?

குவைத்தில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்த ஏஜெண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் "அங்கே இது ஆகாது" என்று கோப்பை மூடிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. (சரி, உண்டு. வாங்கிய முன்பணம் இன்னும் வரவில்லை.) பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்ன அறிவாளிகளே, பாஸ்போர்ட்டில் கை வைப்பது 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீங்களா ஜாமீன் எடுப்பீர்கள்?

"நாடுகளுக்குள் பகை இருந்தால் விதியும் இருக்கத்தானே செய்யும்?" இது நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. லெபனான் இந்த முத்திரையைக் கண்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பும். நம் நாடே 1992-இல்தான் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு வைத்தது. எமிரேட்சு 2020-இல் இஸ்ரேலுடன் உறவு வைக்கக் கையெழுத்துப் போட்டது. துபாய்க்கும் டெல் அவிவுக்கும் நேரடி விமானமே பறக்கத் தொடங்கியது. ஒரே கையெழுத்தில் தீட்டுக் கழிந்துவிட்டது! பகையும் அவர்களுடையது, உறவும் அவர்களுடையது. நடுவில் என் தங்கை செய்த குற்றம் என்ன?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடமாகக் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலுக்கு ஜீப் ஓட்டுகிறேன். பட்டாளத்து வேலை முடிந்து வரும் இஸ்ரேல் பிள்ளைகளை ஏற்றி இறக்கித்தான் என் வீட்டு உலை கொதித்தது. எபிரேய எழுத்தில் பலகை மாட்டிப் பணம் எண்ணிய ஊர் இது. மைக் பிடித்தவர் வீட்டு மாடியில் மாதக்கணக்கில் தங்கியவர்கள் எந்த நாட்டுக்காரர்கள்? அவர்களிடம் வாடகை வாங்கும்போது கை கூசவில்லை. அந்த ஊர்ப் பக்கம் போய் ஜெபித்துவிட்டு வந்த பெண்ணைப் பார்த்தால் மட்டும் சிரிப்பு வருகிறது.

அம்மா யோர்தான் தண்ணீர்ப் புட்டியைப் பீடத்திலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். "நான் கேட்டதால்தானே இவளுக்கு இப்படி" என்கிறார். அது எனக்குத் தாங்கவில்லை.

வரும் ஞாயிறு மூவரும் பூசைக்கு வருகிறோம். முதல் வரிசையில்தான் உட்காருவோம். இன்னொரு தடவை சிரித்துப் பாருங்கள்.