"சாரதி நித்திரை" என்று எழுதிக் கோப்பை மூடாதீர்கள்

தரையிறங்க வந்த சிறிய விமானம் ஒன்று ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் சரிந்து விழுகிற காணொளி கிளிநொச்சி வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பார்த்தவர்கள் எல்லோரிடமும் தீர்ப்பு தயார்: விமானிக்கு ஓட்டத் தெரியவில்லை. என் மனம் இதற்கு ஒப்பவில்லை.

இறங்கும் நேரத்தில் வேகமும் குறைவு, உயரமும் குறைவு. ஓடுபாதையைப் பார்த்துக் கடைசித் திருப்பம் எடுக்கும்போது சற்றே விலகிப் போனால், இன்னும் சரித்துத் திருப்பத்தான் கை போகும். உயரத்தை விடாமல் அப்படிச் சரித்தால், பறப்பதற்கு வேண்டிய ஆகக்குறைந்த வேகம் ஏறிவிடும். 45 பாகைச் சரிவில் சுமார் 19 வீதம், 60 பாகையில் 41 வீதம். அந்த வேகம் கையில் இல்லையென்றால் இறக்கை தாங்காது. அப்போது மூக்கைக் கீழே தள்ளித்தான் வேகம் பிடிக்க வேண்டும். நிலம் முகத்துக்கு நேரே ஏறி வரும்போது எவருடைய கை முன்னே தள்ளும்? இழுக்கத்தான் பார்க்கும். சரியாகத் தள்ளினாலும் அந்த உயரத்தில் மீள இடம் இருக்காது.

2009 பெப்ரவரி 12 இரவு அமெரிக்காவின் பஃபலோ நகரில் இறங்க வந்த கோல்கன் ஏர் 3407 விமானமும் வேகம் இழந்துதான் விழுந்தது. உள்ளே இருந்த 49 பேரும், தரையில் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தபோது தலைமை விமானி அதைத் தன் பக்கம் இழுத்தார். விசாரணையாளர்கள் அதைத்தான் காரணமாக எழுதினார்கள், சரி. ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. விமானிகள் இருவரும் முதல் நாள் இரவு எங்கே படுத்தார்கள் என்று தேடிப் போனார்கள். துணை விமானி நாட்டின் மறுகரையில் இருந்து இரவிரவாகப் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். தலைமை விமானி ஊழியர் ஓய்வறையில் கண்ணயர்ந்தவர். இறந்தவர்களின் குடும்பங்கள் ஓயாமல் நின்றதில் 2010இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்றானது. 2014 முதல் வேலை நேரம், ஓய்வு நேரம் பற்றிய விதிகளும் இறுகின.

இப்போது நம் ஏ9 வீதிக்கு வாருங்கள். இரவில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று பாருங்கள். கொழும்பு பஸ் வந்து நிற்கும். சாரதி இறங்கி முகத்தில் தண்ணீர் அடிப்பார், திருநீறு பூசுவார், கச்சான் பொட்டலத்தோடு மறுபடி ஏறுவார். கண் சிவந்திருக்கும். கடைசியாக எப்போது நித்திரை கொண்டீர்கள் என்று அவரிடம் ஒருவரும் கேட்பதில்லை. மாங்குளத்திலோ கனகராயன்குளத்திலோ பஸ் மோதி உயிர் போனால் மட்டும், 'நித்திரைக் கலக்கமே காரணம்' என்று செய்தி வரும். அவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். பஸ் இன்னொரு சாரதியோடு ஓடும்.

அவர் தொடர்ந்து எத்தனை இரவு ஓடினார்? மாற்றுச் சாரதி ஏன் இல்லை? ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியது யார்? வீதியோரம் விளக்கில்லாமல் நின்ற லொறியை யார் விட்டுவைத்தது? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இதற்கெல்லாம் பதில் வேண்டும்.

விமான விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவது அல்ல என்று சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு சொல்கிறது. வன்னி வீதியில் போகிற உயிருக்கும் அதே மதிப்புத்தான். பொலிஸ் வழக்கு தன்பாட்டில் நடக்கட்டும். உயிரிழப்பு ஏற்பட்ட ஒவ்வொரு வீதி விபத்துக்கும் தனியாக ஒரு விசாரணையும், அதன் அறிக்கை தமிழில் மக்கள் கைக்கும் வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களுக்குப் போகும் நம் பிரதிநிதிகள் இதை எழுத்தில் கேளுங்கள்.