எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரை முழுசாக வேலையிடத்துக்குக் கொடுங்கள்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு நேர்காணல். வந்தவர்களில் ஒரு பெண்ணுக்குக் குடியாத்தம் பக்கம். எம்.எஸ்சி. புள்ளியியல், நல்ல மதிப்பெண். ரிக்ரெஷன் (ஒரு அளவை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் முறை) கேட்டேன், போர்டில் தடுமாறாமல் எழுதிக் காட்டினாள். அப்புறம் ஒரு எக்செல் கோப்பைத் திறந்து கொடுத்தேன். ஒரே சப்ளையரின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டில் இருக்கும், தேதிகளில் சிலவற்றில் நாள் முன்னால், சிலவற்றில் மாதம் முன்னால், நடுவில் நிறைய கட்டங்கள் காலி. "இதுல எந்த மாசம் செலவு அதிகம்னு பாத்துச் சொல்லும்மா" என்றேன். பத்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், காலேஜ்ல டேட்டாவ சரிபண்ணித்தான் குடுப்பாங்க" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

அவள் மேல் எனக்குக் கொஞ்சமும் குறையில்லை. வேலைக்கு வருவதற்கு முன் நானும் அப்படித்தான் இருந்தேன். என்னை மாற்றியது ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் இருந்த ஐந்து மாதம். எங்கள் பேராசிரியர் ஒருவர் தெரிந்தவரிடம் பேசி அனுப்பிவைத்தார். பேரணாம்பட்டிலிருந்து தினமும் காலை பஸ். ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் பிரிவில், குறை இருப்பதாகக் கழிக்கப்பட்ட ஜோடிகளை எழுதிவைக்கும் ரிஜிஸ்டர்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. தையல் விட்டது, தோலில் கீறல், சைஸ் மாறியது என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கும். எண்ணெய்க் கறை பட்ட பக்கங்கள், ஆளுக்கொரு கையெழுத்து.

நான்கு மாதக் கணக்கை ஏற்றி வரைபடம் போட்டால், திங்கட்கிழமை மட்டும் கழிவு எகிறிக்கொண்டு நிற்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். ஞாயிறு விடுமுறை முடிந்து வருபவர்களுக்குக் கவனம் குறைகிறது என்று காரணமும் எழுதி, மேனேஜரிடம் கொண்டுபோவதற்கு முன்னால் செக்கிங்கில் இருந்த அக்காவிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சனிக்கெழம சாய்ந்தரம் லோடு ஏத்தற அவசரத்துல எழுதறதுக்கு எங்க பாப்பா நேரம் கீது? திங்கக்கெழம வந்துதான் சேத்து எழுதுவோம்" என்றார்.

அவ்வளவுதான். நான் பார்த்தது கழிவு நடந்த தேதி இல்லை, எழுதிய தேதி. அந்த அறிக்கை அப்படியே போயிருந்தால் தையலில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் திட்டு வாங்கியிருப்பார்கள். அடுத்த மாதம் ரிஜிஸ்டரில் குறை பிடிபட்ட தேதிக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டோம். முதுகலையில் நான் எழுதிய எந்தத் தேர்விலும் இது வந்ததில்லை. இன்றைக்கும் ஒரு டேட்டா கையில் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்தத் தேதி எந்தத் தேதி என்பதுதான்.

என் வகுப்பில் மற்றவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. பணம் கட்டினால் புராஜெக்ட்டும் சான்றிதழும் தயாராகத் தரும் ஒரு இடத்துக்குப் பாதிப்பேர் போனார்கள். வீட்டில் நகை அடகு வைத்துக் கட்டியவளும் உண்டு. பைண்டிங் செய்த புத்தகம் கையில் இருந்தது, அதில் உள்ளது மனதில் இல்லை. படிப்பில் அவர்கள் எனக்கு இளைத்தவர்கள் இல்லை. எனக்காகப் பேச ஒருவர் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் கேட்கிறேன். புள்ளியியல், கணிதம், கணினி அறிவியல் எம்.எஸ்சி. படிக்கும் எல்லோருக்கும் கடைசி செமஸ்டர் முழுவதும் ஒரு வேலையிடத்தில் கழிய வேண்டும், உதவித்தொகையோடு. பதினைந்து நாள் போய்க் கையெழுத்து வாங்கி வருவதை நான் சொல்லவில்லை. முதல் மாதம் ஆள் பழகுவதற்கே போய்விடும்.

அரசுத் திட்டங்கள் இருக்கின்றனவே என்பார்கள். 2022-ல் வந்த தமிழக அரசின் நான் முதல்வன் நல்ல திட்டம், பயிற்சி தருகிறது. ஆனால் வகுப்பில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்பதும் அந்த ரிஜிஸ்டரோடு மல்லுக்கட்டுவதும் ஒன்றில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். விதியைப் படித்தால், முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குத் தகுதி இல்லை என்று இருந்தது. அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019 விதி வைத்தது, அதில் பாதி அரசின் பங்கு. நல்ல ஏற்பாடு, எங்கள் பக்கத்துச் சின்ன நிறுவன முதலாளிகள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கல்லூரிதான் போய்ச் சொல்ல வேண்டும்.

சென்னைக்குப் போனால் கிடைக்காதா? கிடைக்கும். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம். ஆனால் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கு ஹாஸ்டல் கட்டி மகளை அனுப்ப, பீடி சுற்றும் வீட்டில் முடியுமா? அங்கேதான் பாதிப் பெண்கள் நின்றுவிடுகிறார்கள். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தாலும் டேட்டா எங்கேயும் போய்விடவில்லை. ஆம்பூர், வாணியம்பாடியில் தோல், ராணிப்பேட்டையில் சிப்காட் தொழிற்பேட்டை, வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை. அங்கே உயிரியல் புள்ளியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. தினமும் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இத்தனை இடம்.

ஒரு பயம் நியாயமானது. ஆறு மாதம் இலவசமாக டைப் அடிக்க ஆள் கிடைத்தது என்று சில நிறுவனங்கள் நினைக்கும். அதற்கு வழி, என்ன வேலை, யார் வழிகாட்டி, எவ்வளவு பணம் என்று மூன்றையும் முதலிலேயே எழுதி வாங்குவது. மாதம் ஒருமுறை ஆசிரியர் நேரில் போய்ப் பார்ப்பது. கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே ஓடும் துறைகளுக்கு இது கூடுதல் சுமை என்று எனக்குத் தெரியும். அந்தப் பயணத்துக்கு நிர்வாகம் படி கொடுத்து, அதில் போகும் மணிநேரத்தைப் பணிநேரமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேலூரில் தன்னாட்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. பாடத்திட்டக் குழுவில் அவர்களே முடிவு எடுக்கலாம். மற்ற கல்லூரிகளுக்கு சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தக் குழுக்களில் இருக்கும் ஐயாமார்கள், அம்மாமார்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு வரி எழுப்புங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தொழில் நடத்துகிறவர்கள் உங்கள் ரிஜிஸ்டர்களைக் காட்ட இரண்டு பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். எங்கள் அலுவலகத்தில் வரும் ஜூனில் இரண்டு பேரைப் பணம் கொடுத்து எடுப்பதற்கு நான் பேசி வாங்கியிருக்கிறேன். அந்தக் குடியாத்தம் பெண்ணுக்கு நேற்று போன் செய்து சொல்லிவிட்டேன், இன்னும் ஒரு இடம் இருக்கிறது.